முடிவு உங்கள் கையில்

விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. உண்மையில் நான் செய்தது, ஒரே ஒரு வாக்கியத்தைப் பதினோரு வருடம் திருத்தியதுதான். ‘கவிஞர் இந்த உத்தியைக் கையாண்டு வாசகரின் மனதில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்துகிறார்.’ ஆங்கிலத்தில் இது இன்னும் கம்பீரமாக இருக்கும். மழையைப் பற்றிய கவிதையா, இதை எழுதலாம். கழுதையைப் பற்றிய கவிதையா, தாராளமாக எழுதலாம். கேள்வியைப் படிக்காமலேயே பிள்ளைகள் எழுதுவார்கள். விடைக்குறிப்பிலும் அதே வாக்கியம்தான் இருக்கும் என்பதால் பதிலைப் படிக்காமலேயே நானும் இரண்டு மார்க் போடுவேன். இரண்டு தரப்புக்கும் சௌகரியம்.

எனக்கு எரிச்சல் சுலபமாக வரும். வீட்டில் சௌராஷ்டிரா, தெருவில் தமிழ், வேலையில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் எனக்குக் கோபப்படத் தெரியும். மூன்றிலும் யாரும் பயந்ததில்லை. ஆனாலும் அந்த வருடம் அரையாண்டுப் பரீட்சையில் நடந்ததற்கு நான் கோபப்படாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கிழட்டு மரத்தைப் பற்றிய கவிதையிலிருந்து கேள்வி கேட்டிருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் வைத்திருந்த நோட்ஸ் புத்தகத்தில் பக்கங்கள் மாறி அச்சாகியிருந்தன. மரக் கவிதைக்குக் கீழே இருக்க வேண்டிய விடை நதிக் கவிதைக்குப் போய், நதிக்குரியது மரத்துக்கு வந்துவிட்டது. வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்திரண்டு பேர், அந்த மரம் மலையில் பிறந்து கரைகளை முத்தமிட்டுக் கடலில் கலப்பதாக எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மரம் கடலில் கலந்து வாசகரின் மனதில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.

மீதியிருந்த ஒருத்தி மட்டும் மரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். ‘இந்த மரத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை’ என்று உடைந்த ஆங்கிலத்தில் இரண்டே வரி. விடைக்குறிப்பில் இருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அதனால் அவளுக்கு அரை மார்க் போட்டேன். நதி எழுதியவர்களுக்கு உத்தியின் பெயரைச் சரியாகச் சொன்னதற்காக ஒன்றரை. இதை இப்போது எழுதும்போது நன்றாக இல்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருத்த வேண்டிய கட்டு இன்னும் இரண்டு இருந்தது.

அந்தப் பெண் கடைசிக்கு முந்தைய பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்காருவாள். திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எல்லா ஆசிரியர்களும் புகார் சொல்வார்கள். மனப்பாடம் அவளுக்கு வராது. கணக்கில் முப்பத்தைந்தைத் தொட்டால் அது திருவிழா. அப்பா குட்டியானை வண்டி ஓட்டுகிறார். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், பாடத்தில் ‘வற்புறுத்தும் மொழி’ என்றொரு பகுதி வந்தது. ஒருவரை நம் வழிக்குக் கொண்டுவர எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். ஒரு சொல்லை மூன்று முறை சொல்வது, பதில் எதிர்பார்க்காமல் கேள்வி கேட்பது, ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாம்’ என்று சொல்வது, கொஞ்சம் பயமுறுத்தி உடனே ஆறுதல் சொல்வது. எல்லாவற்றையும் போர்டில் எழுதிப்போட்டேன். நாற்பத்து மூன்று பேரும் அழகாக எழுதிக்கொண்டார்கள். அப்படியே விட்டிருந்தால் அதுவும் மனப்பாடமாகி, நதியோடு கலந்து கடலுக்குப் போயிருக்கும்.

“நோட்ஸை எல்லாம் மூடுங்க. உங்க தெருவுல, உங்க வீட்டுல இருந்து ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவாங்க. படிக்கிறவங்களை ஏதோ ஒண்ணு செய்ய வைக்கிற காகிதமா இருக்கணும். யாரு, யார்கிட்ட, என்ன எதிர்பார்க்குறாங்க, எழுதுனவங்க மனநிலை என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். நோட்டுலயும் எழுதித் தரணும். பத்து மார்க்” என்றேன். மார்க் என்று சொன்னதும் முகங்களில் ஒரு பக்தி வந்தது.

மறுநாள் வகுப்பு தேர்தல் நேரத்துத் தெருமுனை மாதிரி ஆகிவிட்டது. காதணி விழா அழைப்பிதழ் கொண்டுவந்தார்கள். டியூஷன் நோட்டீஸ், மூட்டுவலித் தைலத்தின் அட்டை, மேலூர் ரோட்டில் பிளாட் விற்கிறவர்களின் வழவழப்பான காகிதம் எல்லாம் வந்தன. அந்தக் காகிதத்தின்படி மதுரையைச் சுற்றி எல்லா இடமும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம். பள்ளியில் தமிழில் பேசக் கூடாது என்று விதி இருந்ததால், கதவைச் சாத்திவிட்டு, இன்று மட்டும் தமிழில் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் இத்தனை பேருக்குப் பேச்சு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக ஜன்னல் ஓரப் பெண் எழுந்து வந்தாள். அவள் கையில் ஒரு வெள்ளைத் தாள். மேலே இரண்டு அங்குலத்தைப் பின்பக்கமாக மடித்து, நோட்டுக்குப் போடுகிற பிரவுன் ஷீட்டால் ஒட்டியிருந்தாள்.

“இது ஒரு நிறுவனம் ஒரு தகப்பனுக்கு எழுதுனது மிஸ். பேரு வேணாம்னு ஒட்டிட்டேன்” என்றாள். இங்கிலீஷில் இருந்த முதல் வரியைப் படித்து, தமிழில் சொன்னாள்.

‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர், ஒவ்வொரு மலருக்கும் அதற்கேற்ற மண் உண்டு.’

அந்த வரியை எழுதியது நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும். ரிசல்ட் வந்த மறுநாள் விளாங்குடி ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் ஏறும். நூறு சதவீதம் வருவதற்கு இரண்டு வழி உண்டு. எல்லோரையும் தேற வைப்பது ஒன்று. தேறாதவர்களை முந்தின வருடமே அனுப்பிவிடுவது இன்னொன்று. முதல் வழி சிரமம். அதனால் ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். அதற்கு டி.சி. லிஸ்ட் என்று பெயர். பட்டியலில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர், ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ தாங்களே விரும்பி டி.சி. கேட்பதாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே வாரத்தில் ஒரே சூழ்நிலை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் ஆபீஸ் கிளார்க் எழுதிய ஒரு வரிக் கடிதம்தான் போகும். ‘தங்கள் மகன் தேற வாய்ப்பில்லை, வந்து டி.சி. பெற்றுக்கொள்ளவும்.’ ஒரு வருடம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கிவிட்டார். பள்ளியை நடத்தும் எங்கள் கரஸ்பாண்டன்ட் அதற்கு முன் கிரானைட் தொழிலில் இருந்தவர். கல்வியில் தூசி குறைவு என்று இதற்கு வந்ததாகச் சொல்வார். அன்று பின்பக்க கேட் வழியாகப் போனவர், மறுநாள் என்னைக் கூப்பிட்டார். “மேடம், சண்டை வராத மாதிரி இங்கிலீஷ்ல அழகா ஒண்ணு எழுதிக் குடுங்க. நம்ம ஸ்கூல்ல உங்க அளவுக்கு யாருக்கு வரும்?”

கடைசி வாக்கியமும் வற்புறுத்தும் மொழிதான். எனக்குத் தெரியாமலா? தெரிந்தே உச்சி குளிர்ந்து போனேன். இரண்டு ஃப்ரீ பீரியடில் உட்கார்ந்து எழுதினேன். மலர், மண், மகிழ்ச்சி என்று மூன்றாக அடுக்கினேன். ‘நாம் சேர்ந்து குழந்தைக்கு ஒரு நல்ல வழியைத் தேர்ந்தெடுப்போமா?’ என்று கேள்வி வைத்தேன். முடிக்கும்போது, மரியாதை குறையக் கூடாதே என்று, ‘முடிவு முழுக்க முழுக்க உங்கள் கையில்’ என்று ஒரு வரி சேர்த்தேன். ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அந்த வருடம் ஒரு சண்டைகூட வரவில்லை. ஒரு அம்மா மகனுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போகும்போது, இவ்வளவு அக்கறையாக யார் எழுதுவார்கள் என்று கண் கலங்கி, ஸ்டாஃப் ரூமுக்கு ஸ்வீட் பாக்ஸ் வேறு கொடுத்துவிட்டுப் போனார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதம்தான் இப்போது அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. பட்டியலில் அவள் பெயர் இருந்ததே எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. ஒட்டிய கவரைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். இங்கிலீஷ் தெரியாத அப்பா, அதை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் வேறு யாருக்கும் அது என்ன கடிதம் என்று தெரியவில்லை.

“இதுல ‘நாம்’னு ஒம்பது தடவை வருது மிஸ்” என்றாள். “நாம யோசிப்போம், நாம பேசுவோம், நாம தேர்ந்தெடுப்போம்னு வருது. கையெழுத்துப் போடுற இடத்துல மட்டும் ‘நீங்கள்’னு மாறுது. யோசிக்கிறப்போ கூட இருக்காங்க. கையெழுத்துக்கு அவரு தனியாப் போயிருறாரு.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அப்புறம், பூவைப் பத்தி நாலு வரி இருக்கு. செடியைப் புடுங்கப் போறோம்ங்கிறது எங்கயும் இல்ல. அது கூட வந்த ஃபார்ம்ல சின்ன எழுத்துல இருக்கு.”

“சரி, போதும். உட்காரு” என்றேன்.

“இன்னும் ஒண்ணு இருக்கு மிஸ். அதுதான் முக்கியம்.” தாளைத் திருப்பினாள். “நம்ம கேட்ல ஒரு போர்டு இருக்குல்ல, ஷூ போடாம வந்தா உள்ள அனுமதி இல்லைன்னு? அதுல பூ, மண்ணு எல்லாம் வருதா? வராது. ஏன்னா வாட்ச்மேன் அண்ணனால நம்மளை நெசமாவே வெளிய நிறுத்த முடியும். இதுல ஒரு இடத்துலகூட இதைச் செய்யணும்னு இல்ல. இம்புட்டுக் கெஞ்சுறாங்கன்னா, அவங்களா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அர்த்தம். அந்தத் தகப்பன் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு.”

வகுப்பு கைதட்டியது. பதினோரு வருடத்தில் நான் கேட்ட முதல் இலக்கியத் திறனாய்வு அதுதான். நான் போர்டில் எழுதிப் போட்டதில் அது இல்லை. எனக்கே தெரியாத விஷயம் அது. வற்புறுத்துகிறவரிடம் அதிகாரம் இல்லை. பெருமைப்பட வேண்டிய நேரம்தான். நான் பயந்துபோனேன். நோட்டுகளை அடுக்கி மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டு, பெல் அடிக்கும் முன்பே வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பெற்றோரை வரவழைத்திருந்தார்கள். கடிதம் எழுதிய கையோடு இன்னொரு வேலையும் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. கரஸ்பாண்டன்ட் அறையில் உட்கார்ந்து, இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை இதமாக விளக்க வேண்டும். அதுவரை நன்றாகவே செய்துவந்தேன். பூவிலிருந்து ஆரம்பித்தால் படிவத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் அப்பா காக்கிச் சட்டையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்ன பிறகும் நின்றார். பையில் இருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரவுன் ஷீட்டைப் பிரித்தெடுத்த தடம் அதில் தெரிந்தது.

“டீச்சர், நான் எட்டாவதோட நின்னவன். பாப்பா படிச்சுச் சொல்லுச்சு. இருந்தாலும் சின்னப் பிள்ளை சொல்றதை மட்டும் நம்பி ஒண்ணு செய்யக் கூடாதுல்ல? நீங்களே தமிழ்ல சொல்லுங்க.”

“ஒவ்வொரு குழந்தையும் ஒரு பூ மாதிரிண்ணே” என்று ஆரம்பித்தேன்.

“சரி.”

“ஒவ்வொரு பூவுக்கும் அதுக்கேத்த மண்ணு...”

“பூவு சரி டீச்சர். சோலி என்ன?”

கரஸ்பாண்டன்ட் என்னைப் பார்த்தார். மூன்று மொழியிலும் எனக்கு ஒரு பூச்சு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்வது பொய். கிடைத்தது. வாயில் வரவில்லை.

“உங்க பொண்ணை இந்த ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கண்ணே” என்றேன்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கு?” அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். படிவத்தை எடுத்து விரித்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. கரஸ்பாண்டன்ட் பக்கம் திரும்பினார். “சார், நான் இதுல கையெழுத்துப் போடாட்டி என்ன ஆகும்? பாப்பா அதைத்தான் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு.”

கரஸ்பாண்டன்ட் கடிதத்தை இழுத்துப் பார்த்தார், ஏதாவது பதில் அதில் இருக்குமா என்பது போல. இருந்தது. கடைசி வரியில் இருந்தது.

“அது... கட்டாயம்னு இல்ல. முடிவு உங்க கையிலதான்” என்றார்.

“அப்ப என் கையிலயே இருக்கட்டும் சார்.” படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “லோடு ஏத்தணும், வாரேன். வாரேன் டீச்சர்.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கரஸ்பாண்டன்ட் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். “இங்கிலீஷ்ல அம்புட்டு அழகா எழுதிட்டு, தமிழ்ல ஏன் மேடம் இப்படிப் போட்டு உடைச்சீங்க?” என்றார். பிறகு, “அந்தக் கடைசி வரியை எடுத்துட்டு, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா மாத்தி எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை வேணும்” என்றார்.

முடியாது என்று நான் மேஜையைத் தட்டவில்லை. “பேப்பர் திருத்துற வேலை இருக்கு சார்” என்றேன். என் வீரம் அவ்வளவுதான். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் டீச்சர் வாங்கிச் செய்தார். என் மலர்கள் அப்படியே இருக்க, கடைசி வரியை மட்டும் அவர் எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் பத்தாம் வகுப்பை எங்களிடமே படித்து, கணக்கில் முப்பத்தெட்டு எடுத்துத் தேறினாள். ஃபிளெக்ஸில் நூறு சதவீதம் என்றுதான் போட்டார்கள். அவளும் அந்த நூறுக்குள் இருந்தாள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தச் சனிக்கிழமை, அவர் போன பிறகு, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவள் நோட்டை எடுத்தேன். வகுப்பில் சொன்ன மூன்று விஷயமும் இருந்தன. நான்காவதாக ஒன்றும் இருந்தது. ‘எழுதியவரின் மனநிலை என்ன?’ என்று நானே கொடுத்திருந்த கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: ‘இதை எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எழுதும்போது வெட்கமாக இருந்திருக்கிறது. அதனால்தான் விஷயத்தைச் சொல்லாமல் பூவைப் பற்றியே பேசுகிறார்.’

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பத்துக்கு ஒன்பது போட்டேன். ஓரத்தில், ‘இதற்குக் கடிதத்தில் ஆதாரம் இல்லை’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தபோது அவள் போகாமல் என் மேஜை அருகிலேயே நின்றாள்.

“ஒரு மார்க் எதுக்கு மிஸ் குறைச்சீங்க?”

“எழுதியிருக்கேன் பாரு. ஆதாரம் இல்லாம எழுதக் கூடாது.”

ஓரத்தில் இருந்த என் கையெழுத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“அப்ப எழுதுனவங்களுக்கு வெட்கமே இல்லைங்கிறீங்களா மிஸ்?”

அவள் கேட்டது சந்தேகம். என் காதில் அப்படி விழவில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய இரண்டு ஃப்ரீ பீரியடும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அன்று வெட்கமே இல்லை. டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சந்தோஷமாக எழுதினேன். ஒரு மகளின் படிப்பைப் பறிக்கிற காகிதத்தில் எந்த வார்த்தை நன்றாக விழும் என்று ரசித்து ரசித்துத் தேடினேன். என்னைப் பற்றி அவள் நல்லவிதமாக நினைத்து எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான் நான் மார்க்கைக் குறைத்திருந்தேன். கூசிப்போனேன்.

“கொண்டா” என்று நோட்டை வாங்கி, ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று போட்டுக் கொடுத்தேன்.